மூச்சு நின்று நின்று வரும் இதய நோயாளிக்கு எது சரி: தலையணையா, சி-பேப்பா, ஆக்சிஜனா?

"அவிய மூச்சு நின்னு நின்னு வருது, வந்து பாரு" என்று அம்மா என்னை எழுப்பியபோது ராத்திரி ரெண்டு மணி. அப்பாவுக்கு அப்போது 73 வயது. மாரடைப்பு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். பத்தமடைப் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். வீடே அதிரும் குறட்டை, திடீரென்று சத்தம் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபத்தெட்டு நொடி கழித்துத் தொண்டையில் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மறுபடி குறட்டை.

அடுத்த வாரமே, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஓர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாங்கி வந்து வைத்தேன். மூச்சு நிற்கிறது, அப்போ காற்று கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அது தப்புக் கணக்கு என்று தெரியவர ஆறு மாதமும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாயும் ஆனது.

இப்போது அம்பாசமுத்திரம், வள்ளியூர், மேலப்பாளையம் என்று தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "எந்த மெஷின் வாங்கலாம்?" நான் டாக்டர் இல்லை. நாலு வருடம் பக்கத்தில் படுத்துப் பார்த்தவன். டாக்டரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும். டாக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

## மெஷினுக்கு முன்னால்: அடைப்பா, மறதியா?

தூக்கத்தில் மூச்சு நிற்பதில் ரெண்டு வகை உண்டு.

முதலாவது அடைப்பு வகை. தொண்டைத் தசை தளர்ந்து பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும், காற்று மட்டும் போகாது. குறட்டை, திணறல், வெடிப்பு எல்லாம் இதில்தான் அதிகம்.

ரெண்டாவது மைய வகை. பாதை திறந்தே இருக்கும், மூச்சு விடச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு வராது. இதயம் பலவீனமானவர்களிடம் இது அதிகம் காணப்படும். பாபநாசத்தில் ஷட்டரைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நேரமாகும். அங்கிருந்து "இன்னும் வரலை" என்று தகவல் வர வர மேலே இருப்பவர் திறந்துகொண்டே போகிறார். கடைசியில் வெள்ளமாக வந்து சேர்கிறது. "போதும், போதும்" என்றதும் ஒரேயடியாக மூடிவிடுகிறார். பம்பிங் குறைந்த உடம்பில் நடப்பதும் இதுதான். நுரையீரலில் இருக்கும் ரத்தம் மூளைக்குப் போய்ச் செய்தி சொல்லத் தாமதமாகிறது. அதனால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, நின்று, மறுபடி எழும்பும். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிஷம். இதற்கு செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர்.

இதய பலவீனம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த ரெண்டில் ஒன்று இருக்கும். ரெண்டும் கலந்தும் வரும். "பகலில் தூங்கி வழிகிறாரா?" என்று பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இதய நோயாளிகளில் பலருக்கு மூச்சு நிற்பது மோசமாக இருந்தாலும் பகல் தூக்கம் வராது. எங்கள் அப்பா காலை நாலு மணிக்கே எழுந்து பேப்பருக்குக் காத்திருப்பார்.

ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சை அளக்கும் சோதனை, செய்யாமல் மெஷின் வாங்கக் கூடாது. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இதய டாக்டரைப் பார்க்கப் போகும்போதே நுரையீரல் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். அதற்குள் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராத்திரி பத்து நிமிஷம், நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுங்கள். மூச்சு நிற்கும்போது நெஞ்சு மூச்சிழுக்கப் போராடுகிறதா, அசையாமல் கிடக்கிறதா? இதை வைத்து வகையை முடிவு செய்ய முடியாது. ஆனால் எங்கள் டாக்டர் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் பார்த்தது அந்த வீடியோவைத்தான்.

ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு விஷயம் பாருங்கள். ஏஎச்ஐ என்பது மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. அடுத்தது, அதில் அடைப்பு எத்தனை, மையம் எத்தனை என்பது. ரெண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை மட்டும் கடைக்காரரிடம் காட்டுபவர்கள்தான் அதிகம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து. மூச்சு நிற்கும் வகை. பம்பிங் 45 சதவீதத்துக்கு மேலா கீழா. இந்த எண் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும். மூன்றாவது, ராத்திரி எத்தனை மணி நேரம் அதைத் தாங்குவார். நாலாவது, கை, பல், ஞாபகம் எப்படி, பக்கத்தில் யார் படுக்கிறார்கள். கடைசியாக மூன்று வருடச் செலவு. வாங்கும் விலையைச் சொல்லவில்லை. மாஸ்க், கரண்ட், பில்டர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

## முதலில் இதய வைத்தியம்

மைய வகைக்கு முதல் மருந்து இதயத்துக்கான மருந்துதான். பம்பிங் தேறினால், தேங்கிய நீர் இறங்கினால், மூச்சு நிற்பதும் பல பேருக்குக் குறையும். அடைப்பு வகையிலும் இது உதவும். பகலெல்லாம் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தால் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்கிறது. ராத்திரி படுத்ததும் அந்த நீர் மேலே ஏறிக் கழுத்துக்கும் நுரையீரலுக்கும் போகிறது, தொண்டை இன்னும் குறுகுகிறது. அதனால் நீர் மாத்திரையின் அளவு, எந்த நேரத்தில் போடுவது, சாயங்காலம் கொஞ்சம் நடப்பது எல்லாமே இந்த நோய்க்கும் வைத்தியம்தான்.

நம்ம ஊரில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் தனி. "சாப்பாட்டுல உப்பே போடுறதில்ல" என்பார்கள். தட்டில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் ரெண்டு, மோர் மிளகாய் நாலு, வாரம் ஒரு நாள் உவரிக் கருவாடு. அம்மாவிடம் அப்பளத்தை நிறுத்தச் சொல்வது மெஷின் வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. நிறுத்திய பிறகுதான் கால் வீக்கம் வடிந்தது.

தூக்க மாத்திரையும் சாராயமும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்கிப் போடும் பெரியவர்கள் நிறைய. டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

## படுக்கும் விதம்

செலவே இல்லாதது, அதனாலேயே யாரும் மதிக்காதது. மல்லாந்து படுத்தால்தான் பலருக்கு மூச்சு அதிகம் நிற்கும். ஒருக்களித்துப் படுத்தால் பாதியாகக் குறைபவர்களும் உண்டு. பனியன் முதுகில் ஒரு பை தைத்து ரப்பர் பந்தைப் போட்டால் மல்லாந்து திரும்ப விடாது. தோள்வலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

தலையை உயர்த்துவதில் ஒரு தப்பு நடக்கிறது. மூன்று தலையணை வைத்தால் கழுத்து மட்டும் மடங்கித் தொண்டை இன்னும் நெருக்கும். இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதும் சரிவாக ஏற வேண்டும். கட்டில் என்றால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கலாம். பாயை விட்டு வர மாட்டேன் என்பவருக்குச் சரிவாக வெட்டிய நுரைமெத்தை ஒன்று வாங்கலாம்.

லேசான நோய் உள்ள சிலருக்கு இதுவே போதும். கடுமையான நோய்க்கு இது துணை மட்டுமே.

## சி-பேப்

1981ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் விவரித்த முறை. மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையை மூட விடாமல் தாங்கும். அடைப்பு வகைக்கு இதைவிடத் திடமான வழி இன்றுவரை இல்லை. 2003ல் இதய பலவீனமும் அடைப்பு வகையும் சேர்ந்த 24 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், ஒரு மாதம் இதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பம்பிங் 25லிருந்து 34 சதவீதத்தை எட்டியது.

ஆனால் ஆயுளைக் கூட்டுமா என்றால் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. 2016ல் வெளிவந்த சேவ் ஆய்வில் இதய, மூளை ரத்தநாள நோய் இருந்த 2,717 பேர் கலந்துகொண்டார்கள். மாரடைப்போ பக்கவாதமோ சி-பேப்பால் குறையவில்லை. அவர்கள் சராசரியாக மாட்டியது ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். குறட்டை, பகல் சோர்வு, வாழ்க்கைத் தரம் ஆகியவை தேறின. நிம்மதியாகத் தூங்கிக் காலையில் தெளிவாக எழவே இதை வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

மைய வகைக்கு சி-பேப் பாதிப் பேருக்குத்தான் வேலை செய்யும். 2005ல் 258 பேரிடம் செய்த கேன்பேப் ஆய்வில் மொத்தமாக ஆயுள் கூடவில்லை. ஆரம்பத்திலேயே ஏஎச்ஐ 15க்குக் கீழே இறங்கியவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்கள். அதனால் மைய வகைக்காரருக்கு வைத்துப் பார்த்து, எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.

இனி கடைக்காரர் சொல்லாத செலவுகள். மெஷின் சுமார் 30 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரம். மாஸ்க் நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம், அதையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும். ஈரப்பத டப்பாவில் ஊற்ற டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். தாமிரபரணித் தண்ணீர்தான், ருசியான தண்ணீர்தான், இருந்தாலும் இதில் ஊற்றாதீர்கள், உப்புப் படியும். புழுதி அதிகமான தெருவில் பில்டர் ரெண்டு வாரத்திலேயே கறுத்துவிடும். ராத்திரி கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டுகிற மாதிரி பயந்து எழுந்துவிடுவார்கள், ஆகவே இன்வெர்ட்டர் வேண்டும். கரண்ட் செலவு பெரிதில்லை. சூடேற்றியை அணைத்து வைத்தால் 40 வாட் அளவுதான். தினமும் எட்டு மணி நேரம் என்றாலும் ரெண்டு மாதத்துக்கு இருபது யூனிட்டைத் தாண்டாது.

வயதானவர்களுக்கு மாஸ்க் ஒரு தனிக் கதை. அப்பா பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் படுப்பார். கடையில் பல்லோடு அளவு பார்த்து வாங்கிய மாஸ்க், ராத்திரி ஒட்டிய கன்னத்தில் உட்காரவே இல்லை. கண்ணுக்குள் காற்று அடித்தது. அளவு பார்க்கும்போது பல்செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மீசை அடுத்த தொல்லை. நெல்லைக்காரரிடம் மீசையை எடுக்கச் சொல்ல யாருக்குத் தைரியம்? மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன வகை மாஸ்க்தான் கடைசியில் வழியானது.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வளைந்த விரல்களுக்கு வசதி என்று காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்குகள் வருகின்றன. பேஸ்மேக்கரோ, ஐசிடி எனும் நெஞ்சுக்குள் பதிக்கும் ஷாக் கருவியோ வைத்தவருக்கு அது ஆகாது, பக்கத்தில் படுப்பவருக்கு வைத்திருந்தாலும் ஆகாது. 2022லும் 2023லும் தயாரிப்பு நிறுவனங்களே இதைச் சொல்லி எச்சரித்தன.

அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷினை இதய பலவீனம் உள்ளவர் டாக்டர் பார்வை இல்லாமல் வீட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது. ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏற்கனவே 90ஐ ஒட்டி இருப்பவருக்கு சி-பேப் அதை இன்னும் இறக்கலாம். அதனால் குறைந்த அழுத்தத்தில் தொடங்குவார்கள்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழைய மெஷின் கிடைத்தால் மாடலைப் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் பல மாடல்களை உள்ளிருக்கும் நுரை சிதைகிறது என்று திரும்பப் பெற்றது. பல இடங்களில் மெஷின் வாடகைக்கும் கிடைக்கும். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

## பை-பேப், ஏ.எஸ்.வி

"பை-பேப் இன்னும் உயர்ந்த மாடல் சார்" என்று விற்பார்கள். மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று தரும் மெஷின் இது. சி-பேப்பின் உயர்ந்த மாடல் இல்லை, வேறு வேலைக்கானது. ரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவருக்கு, நுரையீரல் நோயும் கூட இருப்பவருக்கு, மிகவும் பருமனானவருக்கு இது தேவைப்படலாம். மைய வகையில் சிலருக்கு மூச்சு நிற்பதை இது அதிகமாக்கும்.

ஏ.எஸ்.வி. என்பது மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைச் சரிசெய்யும் மெஷின். மைய வகையை அழகாக அடக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் நோயே போய்விட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் 2015ல் வந்த சர்வ்-எச்எஃப் முடிவு எல்லோரையும் உலுக்கியது. பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த, பெரும்பாலும் மைய வகையான 1,325 பேர் அதில் இருந்தார்கள். இதயம், ரத்தநாளம் காரணமாக இறந்தவர்கள், மெஷின் வைத்தவர்களில் 29.9 சதவீதம், வைக்காதவர்களில் 24 சதவீதம். எண்ணைச் சரிசெய்தது, ஆளைக் காப்பாற்றவில்லை. வேறு வகை ஏ.எஸ்.வி. மெஷினை வைத்துப் பின்னால் நடந்த அட்வென்ட்-எச்எஃப் ஆய்வில் அந்த ஆபத்து தெரியவில்லை; தூக்கம் தேறியது, ஆயுள் கூடவில்லை. நான் சொல்வது இதுதான்: பம்பிங் 45 அல்லது அதற்குக் கீழே, மைய வகை, யாராவது ஏ.எஸ்.வி. என்றால், சர்வ்-எச்எஃப் பற்றி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். விலையும் லட்சத்தைத் தாண்டும்.

## ஆக்சிஜன்

என் தப்பு இதில்தான். அப்பாவுக்கு இருந்தது அடைப்பு வகை. மூடிய கதவுக்கு வெளியே காற்றைக் கொட்டி என்ன பயன்? விரலில் மாட்டும் மீட்டரில் எண் 95 என்று காட்டும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவோம், அவருக்கு மட்டும் மூச்சு நின்றுகொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறையாததால் மூளை எழுப்பத் தாமதித்து, சிலருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் நீளும். பீடி சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர்களுக்குக் கரியமில வாயு தேங்கும் ஆபத்தும் உண்டு.

மைய வகையில் கதை வேறு. அங்கே இரவு ஆக்சிஜன் மூச்சு நிற்பதைக் குறைக்கும். மாஸ்க்கைத் தாங்க முடியாதவருக்கு, சி-பேப் பலிக்காதவருக்கு டாக்டர் எழுதித் தரலாம். ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமாகவில்லை.

கணக்குப் பாருங்கள். ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 2.8 யூனிட், ரெண்டு மாதத்துக்கு 168. இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே விழுங்கிவிடும். விடிய விடிய "டப்... புஸ்" என்று சத்தம் வேறு. அப்புறம் பீடி. முக்கூடல் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் மூக்கில் குழாயோடு பீடி பற்றவைக்கப் போனார், மருமகள் பார்த்துத் தட்டிவிட்டார். ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது.

## மற்றவை

கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி லேசான, நடுத்தர அடைப்பு வகைக்கு நல்லது. ஆனால் அதைக் கவ்வப் பல் வேண்டும். எழுபத்தைந்து வயதில் அதுதான் பிரச்சினை. மைய வகைக்கு உதரவிதான நரம்பைத் தூண்டும் கருவியை அமெரிக்காவில் 2017ல் அனுமதித்தார்கள். நம் கணக்கில் இன்னும் வரவில்லை. எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியைப் பருமனோடு வரும் அடைப்பு வகைக்கு 2024 டிசம்பரில் அங்கே அனுமதித்தார்கள். மெலிந்து போன இதய நோயாளிக்கு அது பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| வழி | அடைப்பு வகை | மைய வகை | மறைந்திருக்கும் செலவு | முக்கிய எச்சரிக்கை |
|---|---|---|---|---|
| இதய மருந்து, உப்புக் குறைப்பு | உதவும் | முதல் வழி | அப்பளச் சண்டை | மாத்திரையைத் தானாக மாற்றக் கூடாது |
| படுக்கும் விதம் | லேசானதில் சிலருக்குப் போதும் | கொஞ்சம் உதவும் | ஏதுமில்லை | தோள்வலி |
| சி-பேப் | முதல் தேர்வு | பாதிப் பேருக்கு | மாஸ்க், இன்வெர்ட்டர் | குறைந்த ரத்த அழுத்தம், காந்தக் கொக்கி |
| ஏ.எஸ்.வி. | பெரும்பாலும் தேவையில்லை | பம்பிங் 45க்கு மேல் இருந்தால் யோசிக்கலாம் | லட்சத்துக்கு மேல் | பம்பிங் 45 அல்லது குறைவு |
| ஆக்சிஜன் | தனியாக வேண்டாம் | மாற்று வழி | கரண்ட், சத்தம் | தீ, கரியமில வாயு |
| பல் கருவி | லேசு, நடுத்தரம் | பயனில்லை | பல் டாக்டர் செலவு | பல் இல்லாதவர் |

## யாருக்கு எது

கடுமையான அடைப்பு வகை, கை கால் நன்றாக ஓடுகிறது, பக்கத்தில் மனைவியோ மகனோ இருக்கிறார்கள் என்றால் சி-பேப்தான். பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி மாட்டிப் பழக்குங்கள். ராத்திரி நாலு மணி நேரத்தை எட்டினாலே பெரிய காரியம். எங்கள் அப்பா பத்து மணிக்குப் போடுவார், மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்தால் கழற்றுவார், அப்புறம் போட மாட்டார். "அஞ்சு மணி நேரம் போதும், சண்டை போடாதீங்க" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

மைய வகை, இதய மருந்து இன்னும் முழு அளவுக்கு வரவில்லை என்றால் மெஷினுக்கு அவசரப்படாதீர்கள். மருந்தைச் சரிசெய்து, சில மாதம் கழித்து ஸ்லீப் ஸ்டடியைத் திரும்பச் செய்து பார்ப்பதே மலிவான வழி. முதல் ரிப்போர்ட்டை வைத்து லட்ச ரூபாய் மெஷின் வாங்கியவருக்கு ரெண்டாவது ரிப்போர்ட்டில் அது தேவைப்படாமலே போகலாம்.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சி, 84 வயது. ஞாபகம் தவறிவிட்டது. மாஸ்க்கைப் போட்ட ரெண்டாவது நிமிஷம், "என் மூக்கைப் பிடிக்கான்" என்று அலறிப் பிடுங்கி எறிந்தார். மூன்று ராத்திரி முயற்சி செய்துவிட்டு மகள் என்னிடம் வந்தார்: கட்டாயப்படுத்தட்டுமா, வேண்டாமா? டாக்டரிடம் இப்படியே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாடகை மெஷின்தான், அது ஒரு நல்லது. நீர் மாத்திரையை டாக்டர் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றினார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் வைத்திருக்கிறார்கள். ஆச்சி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார், மகள் அவர் முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்கிறார்.